ஐ.என்.எஸ். வீரகேதுவின் ஒரே தியாகி

ஜனவரி 8, 2024, திங்கள்

இன்று முதல் நான் ஒரு போர்க்கப்பலின் வரலாற்றாசிரியை.

காலையில் காஸ் சிலிண்டர் வந்தது. அதன் பின்னாலேயே கமாண்டர் ரங்கபாஷ்யம் வந்தார். ஓய்வுபெற்று எத்தனையோ வருஷம் ஆகியும் மனிதர் கப்பல் தளத்தில் நடப்பதுபோலத்தான் நடக்கிறார். மடிப்பாக்கத்தில் என் வீட்டுக் கூடத்தின் நீளம் அவருக்குப் போதவில்லை, நாலு எட்டு வைத்தால் டிவியில் முட்டிக்கொண்டு திரும்ப வேண்டியிருந்தது. ஐ.என்.எஸ். வீரகேது என்ற கப்பலில் வேலை பார்த்தவர்களுக்குச் சென்னையில் ஒரு சங்கம் இருக்கிறது. அதற்கு அவர்தான் தலைவர். என் கணவர் துரைக்கண்ணு அதில் உறுப்பினர். கப்பலில் அவர் எலெக்ட்ரிகல் பெட்டி ஆஃபீசர், அதாவது விளக்கு எரியாவிட்டால் எல்லோரும் கூப்பிட்டுத் திட்டுகிற ஆள். அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது.

கப்பலின் வரலாற்றையும் ஆட்களின் நினைவுகளையும் சேர்த்து ஒரு புத்தகம் போட வேண்டுமாம். பத்திரிகையில் காலமெல்லாம் பிறருடைய தமிழைத் திருத்தியவள், கப்பல் குடும்பத்துப் பெண் வேறு, ஆகையால் நானே எழுத வேண்டுமாம். பிப்ரவரி 25 ஞாயிற்றுக்கிழமை விழா. அன்றைக்கே ஒரு நினைவுக்கல்லும் திறக்கிறார்கள். ஓய்வுபெற்ற அட்மிரல் ஒருவர் வருகிறார்.

சரி என்றேன். பொழுது போக வேண்டுமே. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஜனவரி 11, வியாழன்

கமாண்டர் தட்டச்சு செய்து அனுப்பிய வரலாற்றை இன்று படித்தேன். முதல் வரியிலேயே தகராறு. வீரகேது 'டிஸ்ட்ராயர்' வகைக் கப்பல். எங்கள் பத்திரிகையில் அதை 'நாசகாரிக் கப்பல்' என்றுதான் போடுவோம். கமாண்டருக்கு அது பிடிக்கவில்லை. "நாசகாரின்னா ஏதோ வீட்டைக் கெடுக்க வந்தவ மாதிரி இருக்கேம்மா" என்றார். என் மாமியார் என்னைச் சொன்ன வார்த்தைதான் அது, ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தவில்லையா என்று கேட்டேன். கடைசியில் 'போர்க்கப்பல்' என்று போட்டுச் சமாதானம் ஆனோம்.

வீரகேது 1969இல் பணிக்கு வந்தது, 1996இல் ஓய்வுபெற்றது. இதற்கு நடுவில் எந்த எதிரியையும் நாசம் செய்ததாகத் தெரியவில்லை. எழுபத்தொன்றாம் வருஷப் போரின்போது பழுதுபார்க்கும் தளத்தில் நிறுத்தி அடிப்பாகத்துக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். பயிற்சியில் ஒருமுறை இலக்கைப் பார்த்துச் சுட்டபோது, குண்டு இலக்கை விட்டுவிட்டு அதை இழுத்துவந்த கயிற்றை அறுத்தது. "மிக நுட்பமான பீரங்கிப் பயிற்சி" என்று கமாண்டர் எழுதியிருக்கிறார். ஒருமுறை துறைமுக மேடையில் போய் இடித்திருக்கிறது. அது "துறைமுகத்தோடு நெருங்கிய தொடர்பு" ஆகியிருக்கிறது. ஒரு புயலுக்குப் பின் அரிசி மூட்டைகள் கொண்டுபோய்த் தீவில் இறக்கியது. எனக்குத் தெரிந்து அது உருப்படியான காரியம். அதற்கு ஒரே ஒரு வரி.

எட்டுப் பக்கம் யாருக்கு என்றால் மரியதாசனுக்கு.

மரியதாசன் கொதிகலன் அறையில் வேலை பார்த்தவர், கன்னியாகுமரிப் பக்கத்துப் பையன். 1986 ஆகஸ்டில் அரபிக் கடலில் கப்பல் போய்க்கொண்டிருந்தபோது நீராவிக் குழாய் வெடித்தது. அவர் ஓடாமல் நின்று வால்வை மூடிக் கப்பலைக் காப்பாற்றி உயிரை விட்டார். வீரகேதுவின் ஒரே தியாகி. சங்கம் கூடும்போதெல்லாம் அவருக்காக இரண்டு நிமிஷம் எழுந்து நிற்பார்கள். நானும் கணவரோடு போய் நின்றிருக்கிறேன். கல்லும் அவருக்குத்தான்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். ஒருத்திக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று இன்னும் பழகவில்லை. மீதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன்.

ஜனவரி 19, வெள்ளி

ராயபுரம் போய் ஏகாம்பரத்தைப் பார்த்தேன். பீரங்கிப் பிரிவில் இருந்தவர். கயிற்றை அறுத்த புண்ணியவான் இவராகவும் இருக்கலாம், நான் கேட்கவில்லை. பெரிய உடம்பு, சின்ன வீடு. மருமகள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, மாமனார் வாயைத் திறந்ததும் உள்ளே போய்விட்டாள். இந்தக் கதையை எத்தனை முறை கேட்டிருப்பாளோ.

மரியதாசனைக் கொதிகலன் அறையிலிருந்து தோளில் தூக்கிக்கொண்டு மேலே வந்தது ஏகாம்பரம்தானாம். மேல்தளத்தில் கிடத்தியபோது மரியதாசன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, எங்கம்மாவைப் பாத்துக்கோங்க" என்றாராம். அதோடு உயிர் போய்விட்டது.

அம்மாவைப் போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"எங்கேம்மா டைம் இருந்திச்சு" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுகை நிஜம். அதுதான் எனக்கு வேடிக்கையாக இருந்தது.

ஜனவரி 24, புதன்

மண்ணடியில் மகள் வீட்டில் இருக்கும் ஜலாலுதீனைப் பார்த்தேன். கப்பலில் சமையல்காரர். காது மந்தம். நான் கேட்பதற்கு ஒரு பதில், கேட்காததற்கு நாலு பதில். அவர் கணக்கில் மரியதாசன் உயிரை விட்டது சமையலறை வாசலில், ஒரு மீன் குழம்பு கேட்டுவிட்டு. குழம்பு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது, ஊற்றுவதற்குள் போய்விட்டார்.

கமாண்டரின் எழுத்தில் அவர் கொடிக் கம்பத்தின் அடியில் 'ஜெய் ஹிந்த்' என்று சொல்லிப் போனார். போனில் பேசிய இன்னும் இரண்டு பேருக்கு அவர் ஹெலிகாப்டர் பறக்கும்போது போனார். ஆக, மரியதாசன் தளத்திலும், சமையலறை வாசலிலும், கொடியின் கீழும், ஆகாயத்திலும் இறந்திருக்கிறார். அவரைத் தோளில் சுமந்தவர்களை வரிசையாக நிறுத்தினால் ஒரு பல்லக்கு தூக்கலாம்.

துரைக்கண்ணு இப்படியெல்லாம் ஜோடிக்க மாட்டார். கல்யாணமான புதிதில் ஒருநாள் நான் கேட்டபோது, "என் கண்ணு முன்னாலதான் உயிரு போச்சு" என்றார், அவ்வளவுதான். பிறகு எப்போது பேச்சு வந்தாலும் அதே வாக்கியம். சொல்லிவிட்டு எழுந்துபோய் ஃபியூஸ் எதையாவது கழற்றிப் பார்ப்பார். அவருடைய பக்கத்தைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம். அதில் சரிபார்க்க வேண்டியது எதுவும் இல்லை.

பிப்ரவரி 2, வெள்ளி

அச்சகத்தில் மரியதாசனின் போட்டோ கேட்கிறார்கள். சங்கத்தில் யாரிடமும் இல்லை. குடும்பத்திடம் வாங்கலாம் என்றால், குடும்பம் எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியவில்லை. எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறார்கள், வீட்டு வாசலை மிதித்தவர் ஒருவர் இல்லை. "கன்னியாகுமரி சைடும்மா, கடற்கரையோரம்" என்றார் கமாண்டர், அங்கே ஒரே ஒரு வீடுதான் இருப்பதுபோல.

ஜலாலுதீன் ஒரு ஊர்ப் பெயரை நினைவு வைத்திருந்தார், புன்னைத்துறை. மீன் விஷயமாகத்தான் நினைவில் இருந்தது. அந்த ஊர் மாதா கோயில் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எடுத்த பெண்ணிடம், கடற்படையில் இருந்து 1986இல் இறந்துபோன மரியதாசனின் குடும்பத்தார் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன்.

"கடற்படை மரியதாசனா? புட்டுக்கடை மரியதாசனைக் கேக்குதியளா?" என்றாள். "அவரு சாகல்லியே. நாகர்கோவிலுக்கு மாறிப் போயாச்சு. போன ஞாயித்துக்கிழம கூடப் பூசைக்கு வந்திருந்தாரு."

நம்பர் வாங்கி எழுதிக்கொண்டேன். குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது, பருப்பு கரிந்துவிட்டது.

கமாண்டருக்குச் சொல்லவில்லை. நேரில் பார்க்காமல் செய்தி போடக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பழக்கம்.

பிப்ரவரி 6, செவ்வாய், நாகர்கோவில்

காலையில் ரயில் வந்து சேர்ந்தது. குளித்துவிட்டு நேராகக் கடைக்குப் போனேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நாலு பெஞ்சு போட்ட கடை. வாசலில் பெரிய பாத்திரத்தில் குழாய்ப் புட்டு வெந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் வெள்ளைச் சட்டையில் ஒருவர் நின்றிருந்தார். இடது கன்னத்திலிருந்து கழுத்து வரைக்கும் தோல் மெழுகு உருகி உறைந்தாற்போல இருந்தது. இடது கைவிரல்கள் இரண்டு மடங்கவில்லை. மற்றபடி ஆரோக்கியமான மனிதர். தியாகிக்குக் கொஞ்சம் தொப்பைகூட இருந்தது.

ஆவி பட்டு ஆவியானவர் ஆவியில் புட்டு அவிக்கிறார். பத்திரிகையில் இப்படித் தலைப்புப் போட்டிருந்தால் செய்தி ஆசிரியர் என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

என் பெயர் மங்கையர்க்கரசி, வீரகேது சங்கத்துக்காகப் புத்தகம் எழுதுகிறேன் என்றேன். வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை. அவர் உள்ளே திரும்பி, "மெற்றில்டா, கப்பல்லருந்து ஆளு வந்திருக்கு" என்று கூப்பிட்டார். மனைவி மெற்றில்டா வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, "இப்பமா?" என்று கேட்டார். ஒரு சொல்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

புட்டும் கடலையும் சாப்பிடச் சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்து சொன்னார். குழாய் வெடித்தது உண்மை. வால்வை மூடியதும் உண்மை, ஆனால் தியாகம் ஒன்றும் இல்லை. வால்வு அவருக்கும் கதவுக்கும் நடுவில் இருந்தது, அதை மூடாமல் கதவுப் பக்கம் போக முடியாது.

"தோளில் யார் தூக்கினார்கள்?"

"ஒருத்தரும் தூக்கல்ல. நானே ஏணியில ஏறி வந்தேன். வேகத்துல நோவு தெரியல்ல. மேல வந்து பாத்தா எல்லாரும் தூரமா நிக்கியாவ. கிட்ட வர பயம். நான் பேய் மாதிரி இருந்திருப்பேன்லா."

ஹெலிகாப்டர் கொச்சிக்குக் கொண்டுபோனது. மருத்துவமனையில் பல மாதம் கிடந்தார். கப்பல் அந்தமான் பக்கம் போய்விட்டது. பிறகு பென்ஷன் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கல்யாணம், இரண்டு பெண்கள், கடை. சங்கம் தமக்காக எழுந்து நிற்பது தெரியுமா என்று கேட்டேன். தெரியுமாம். ஐந்தாறு வருஷத்துக்கு முன் யாரோ போனில் ஒரு வீடியோவைக் காட்டினார்களாம். உயிரோடுதான் இருக்கிறேன் என்று ஏன் ஒரு போன் பண்ணவில்லை என்று கேட்டேன்.

"செத்துப்போனவன்னா நல்லவன்னு சொல்லுதாவ. இருக்கேன்னு தெரிஞ்சா என்ன சொல்லுவாவளோ. எதுக்கு?" என்று சிரித்தார். மெற்றில்டா சிரிக்கவில்லை. "ஒருத்தன் ஆசுபத்திரில வந்து எட்டிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்லா, இருக்காரா செத்தாரான்னு" என்றார்.

மரியதாசன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கல்லூரிப் பையன்கள் கூட்டமாக உள்ளே வந்துவிட்டார்கள். எழுந்துபோய்விட்டார்.

நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. துரைக்கண்ணுவின் கண் முன்னால் போன உயிர் யாருடையது என்று கேட்க ஒரு நிமிஷம் ஆகியிருக்காது.

பிப்ரவரி 7, புதன்

ரயிலில் திரும்பி வந்தேன். கூடத்தில் துரைக்கண்ணுவின் படத்துக்குப் போட்டிருந்த மாலை வாடியிருந்தது. புதிது வாங்கவில்லை.

பிப்ரவரி 12, திங்கள்

கமாண்டர் வீட்டில் செயற்குழு கூடியது. நான் எடுத்துவந்த போட்டோவை மேஜையில் வைத்தேன். புட்டுக் குழாயும் கையுமாக மரியதாசன், பக்கத்தில் மெற்றில்டா.

ஏகாம்பரம் படத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். "இது யாரோ மாதிரி இருக்குமா" என்றார். தாம் தோளில் சுமந்தது வேறு மரியதாசனாக இருக்கலாம் என்றார். கப்பலில் வேறு மரியதாசன் இல்லை என்று கமாண்டரே சொன்னதும் பேசாமல் பக்கோடாவை எடுத்துக்கொண்டார். ஜலாலுதீனுக்கு இரண்டு தடவை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. புரிந்ததும், "அப்ப மீன் கொழம்பு?" என்றார்.

யாராவது சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்துப் போயிருந்தேன். ஒரு ஆள் சாகவில்லை என்று தெரிந்த வீட்டில் இப்படி ஒரு துக்கத்தை நான் பார்த்ததில்லை.

கமாண்டர்தான் முதலில் தெளிந்தார். கல் செதுக்கி வந்துவிட்டது. அழைப்பிதழ் போய்விட்டது. அட்மிரல் தியாகத்தைப் பற்றித்தான் பேசப்போகிறார், இப்போது போய் அவரிடம் என்ன சொல்வது. மரியதாசனை அழைக்காமலும் இருக்க முடியாது, அது மரியாதை இல்லை. ஆகையால் அவர் வரட்டும், மேடையில் உட்காரட்டும், சால்வை போடுவோம். ஆனால் மரியதாசனாக வேண்டாம்.

"பின்னே?" என்றேன்.

"தியாகியோட தம்பியா வரட்டுமே. முகஜாடை ஒத்துப்போகும்."

கேலிக்குச் சொல்கிறார் என்று சுற்றிலும் பார்த்தேன். எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருமனதாக நிறைவேறியது. விழா முடிந்து, அட்மிரல் போன பிறகு, மெதுவாக ஒரு நல்ல நாளில் உண்மையை வெளியிடுவது என்றும் தீர்மானம். மரியதாசனிடம் இதைச் சொல்லும் பொறுப்பு எனக்கு. எனக்கு அவரோடு பழக்கமாம்.

முடியாது என்று நான் எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் சென்னை வந்தால் ஒன்று கேட்கலாம் என்று தோன்றியது. அதற்காக என்றும் சொல்ல முடியாது.

பிப்ரவரி 13, செவ்வாய்

போனில் சொன்னேன். கூசிக் கூசித்தான் சொன்னேன். மறுமுனையில் புரையேறும் அளவுக்குச் சிரித்தார்.

"தம்பி எனக்கு நெசமாவே ஒருத்தன் உண்டு. தக்கலையில ஆட்டோ ஓட்டுகான். அவனையே அனுப்பட்டா?"

உங்களுக்கு விருப்பமில்லையென்றால் வர வேண்டாம் என்றேன். வருகிறேன் என்றார். பின்னால் மெற்றில்டாவின் குரல் கேட்டது, என்ன சொன்னார் என்று விளங்கவில்லை. நல்ல வார்த்தையாக இருக்காது.

பிப்ரவரி 20, செவ்வாய்

மின்சாரக் கட்டணம். பல் டாக்டர். எட்டுப் பக்கத்தை இன்னும் மாற்றவில்லை, கமாண்டர் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். புத்தகம் விழாவுக்குள் வராது என்று அச்சகத்தில் சொல்லிவிட்டார்கள். துரைக்கண்ணுவின் பக்கம் காலியாக இருக்கிறது. என்ன எழுதுவது? மற்றவர்களாவது தூக்கினேன், ஊற்றினேன் என்று ஏதோ வேலை செய்ததாகப் பொய் சொன்னார்கள். இவர் சும்மா நின்று பார்த்ததாகப் பொய் சொல்லியிருக்கிறார்.

பிப்ரவரி 25, ஞாயிறு

விழா, கமாண்டரின் மைத்துனர் நடத்தும் பள்ளிக்கூட மைதானத்தில். கொடிக் கம்பத்துக்குப் பக்கத்தில் கல்லை நட்டு நீலத் துணி போட்டு மூடியிருந்தார்கள். கிழவர்கள் எல்லோரும் பதக்கங்களை மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். நடக்கும்போது மாட்டு மணிபோலச் சத்தம் வந்தது.

மரியதாசனும் மெற்றில்டாவும் காலை ரயிலில் வந்து நேராக மைதானத்துக்கே வந்துவிட்டார்கள். கமாண்டர் வாசலிலேயே அவரைத் தழுவிக்கொண்டு காதில் ஏதோ சொன்னார். செயற்குழுவைத் தவிர யாருக்கும் விஷயம் தெரியாது. மற்றவர்கள் தியாகியின் தம்பியிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, உங்க அண்ணன் மாதிரி ஒருவர் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருவர், "நீங்க அவ்வளவு கலர் இல்ல, அவரு நல்ல கலரு" என்றார். வெந்த தழும்பை ஒருவரும் கேட்கவில்லை. குடும்பத்துக்கே உள்ளது என்று நினைத்திருப்பார்கள்.

இரண்டு நிமிஷ மௌனம். எல்லோரும் எழுந்தோம். மேடையில் மரியதாசனும் எழுந்து, கைகட்டித் தலைகுனிந்து தமக்காக நின்றார். நான் கண்ணை மூடவில்லை. முதல் வரிசையில் மெற்றில்டாவும் மூடவில்லை. அந்த இரண்டு நிமிஷமும் அவர் கமாண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். கமாண்டருக்கு வியர்த்தது.

பிறகு ஏகாம்பரம் பேச எழுந்தார். விஷயம் தெரிந்தவர், சுருக்கமாக முடிப்பார் என்று நினைத்தேன். மைக்கைப் பிடித்ததும் மனிதருக்கு எல்லாம் மறந்துவிட்டது. தோளில் தூக்கியது, ஏணியில் ஏறியது, அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னது எல்லாம் வந்தது. அழுதார். கூட்டமும் அழுதது. அட்மிரல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்த மரியதாசன் அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகத் தெரியவில்லை. தெரியாத ஊரைப் பற்றிக் கேட்பவர்போல இருந்தார்.

அடுத்து தியாகியின் சகோதரர் இரண்டு வார்த்தை பேசுவார் என்று அறிவித்தார்கள்.

மைக் அவருக்கு உயரம். மடங்காத விரலோடு அதை இறக்க முயன்று, முடியாமல், அண்ணாந்துகொண்டே பேசினார்.

"எல்லாரும் நல்லாருக்கியளா? எனக்கு மேடையில பேசிப் பழக்கமில்ல. தம்பியத்தான் வரச் சொல்லியிருந்தாவ. அவன் வரல்ல, அவனுக்குச் சவாரி இருக்கு. அதனால நானே வந்தேன். நான்தான் மரியதாசன்."

பின்வரிசையில் யாரோ பதக்கத்தைச் சரிசெய்தார், அது மட்டும் கேட்டது.

"நான் சாகல்ல. ஏகாம்பரண்ணே, நீங்க என்னத் தூக்கல்ல, ஆனா நீங்க அழும்போ எனக்கும் அழுக வந்துட்டு. எங்கம்ம போய் இருவது வருசம் ஆச்சு. அவ்வளவுதான்."

போய் உட்கார்ந்துவிட்டார்.

இப்போது நடந்ததைத்தான் நான் எழுதிவைக்க வேண்டும். ஏகாம்பரம் எழுந்தார், நாற்காலி சாய்ந்தது, போய் மரியதாசனைக் கட்டிக்கொண்டு குலுங்கினார். அதுவும் நிஜ அழுகைதான். ஜலாலுதீன் யாரோ காதில் கத்தியதைக் கேட்டுவிட்டு, "நான் அப்பவே சொன்னேன், பொழைச்சுக்குவான்னு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். கமாண்டர் ரங்கபாஷ்யம் மைக்கிடம் வந்தார். ஒருகணம் முகத்தில் ரத்தமே இல்லை. மறுகணம் கையை விரித்துச் சிரித்தார்.

"நண்பர்களே, இதுதான் உங்களுக்காக நாங்க ரகசியமா ஏற்பாடு பண்ணின சர்ப்ரைஸ்."

கைதட்டல் அடங்கவே இல்லை. அட்மிரல் எழுந்து சல்யூட் அடித்தார். தியாகத்தைப் பற்றிய உரையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கடவுளின் கருணையைப் பற்றி அதே அளவு நேரம் பேசினார். சாப்பாட்டுப் பந்தியில் இரண்டாவது சாதம் போடுவதற்குள், மரியதாசன் சாக மாட்டார் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஆகிவிட்டார்கள். கல்லை மட்டும் யாரும் திறக்கவில்லை.

சாப்பிட்டுக் கைகழுவுகிற இடத்தில் கமாண்டர் என்னை மரியதாசனுக்கு மறுபடி அறிமுகப்படுத்தினார். துரைக்கண்ணுவோட மனைவி என்றார்.

மேற்கொண்டு இன்றைக்கு எழுத முடியவில்லை. கால் வலிக்கிறது.

பிப்ரவரி 27, செவ்வாய்

அன்றைக்கு நடந்ததை எழுதிவிடுகிறேன்.

மரியதாசன் ஈரக் கையோடு அப்படியே நின்றுவிட்டார். "நாகர்கோவில்ல வச்சு ஏன் சொல்லல்ல?" என்று கேட்டார். மெற்றில்டாவைக் கூப்பிட்டு, "இவிய துரைக்கண்ணுக்க வீட்டுக்காரி" என்றார். அந்த அம்மாளுக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது, நாகர்கோவிலில் நான் வந்துபோன பிறகு அவர் சொல்லியிருக்கிறார். முகம் மாறிவிட்டது. என் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

கொச்சி மருத்துவமனைக்கு ஒரே ஒருவர் வந்திருக்கிறார். கப்பல் புறப்படும்முன் மூன்று தடவை. முதல் தடவை கட்டுகளைப் பார்த்துவிட்டு வாசலிலேயே மயக்கம் போட்டு விழுந்து, அவருக்கே நர்ஸ் தண்ணீர் தெளிக்க வேண்டியிருந்ததாம். அது துரைக்கண்ணுதான், சந்தேகமில்லை. வீட்டில் கோழி அறுத்தால் தெருமுனைக்குப் போய் நிற்கிற மனிதர்.

மூன்றாவது தடவை மரியதாசன் முதல்முறையாகக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்திருந்தார்.

"நான் சொன்னேன், இந்த மூஞ்சியப் பாக்க ஒரு பய வரக்கூடாது. அவிய கேட்டா செத்துட்டான்னு சொல்லிரும்னு. அவரு சரின்னாரு. நான் வேதனையில சொன்னது. நெசமாட்டே போய் அப்படிச் சொல்லுவாருன்னு நெனச்சனா? பெறவு எனக்குச் சொன்னதே மறந்துபோச்சு. அந்த வீடியோவப் பாத்தப்பதான் நெனப்பு வந்து. அவருக்குப் போன் பண்ணி, போதும்வே, உயிர்ப்பிச்சு விடும்னு சொல்லணும்னு இருந்தேன். இன்னிக்கு நாளைக்குன்னு தள்ளிட்டேன். அப்புறம் அவரு போயிட்டாருன்னாவ."

துரைக்கண்ணு கப்பலுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார். எல்லோரும் நம்பியிருக்கிறார்கள். ஆளாளுக்குத் தம் தம் சாவைச் செய்து வைத்துக்கொண்டார்கள். இவர் சொன்னதோடு நிறுத்திக்கொண்டு, கூடப் போய் வருஷா வருஷம் இரண்டு நிமிஷம் நின்றிருக்கிறார். நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன்.

தீபாவளிக்குப் புடவை வாங்கி ஒளித்துவைத்தால் சாயங்காலத்துக்குள் தாமே எடுத்துக் காட்டிவிடுவார். மார்க் குறைந்ததை அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று மகன் கெஞ்சியிருப்பான், சாப்பாட்டுக்கு உட்காருவதற்குள் சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட ஆள்.

எனக்குச் சொல்லியிருக்கலாம். நான் யாரிடம் போய்ச் சொல்லப்போகிறேன்.

மார்ச் 3, ஞாயிறு

கமாண்டர் காலையிலேயே போன் செய்தார். எட்டுப் பக்கத்தையும் மாற்றி எழுத வேண்டுமாம். தலைப்பு 'மரணத்தை வென்ற மாவீரன்'. புதிய நினைவுகளை ஆட்கள் வாட்ஸப்பில் பேசி அனுப்பியிருக்கிறார்கள், இன்னும் வந்துகொண்டிருக்கிறது. ஏகாம்பரம் தோளில் தூக்கியபோது நாடி பார்த்திருக்கிறார், துடித்ததாம். மீன் குழம்பில் கொஞ்சம் உள்ளே போனதால்தான் பிழைத்தார் என்பது ஜலாலுதீன் கட்சி. கல்லில் இறந்த வருஷத்தை மட்டும் சிமென்ட் வைத்து அடைத்துவிடலாம் என்று கொத்தனார் சொல்லியிருக்கிறாராம், பிறகு தேவைப்படும்போது எழுதிக்கொள்ளலாம்.

எழுதித் தருகிறேன் என்றேன். எல்லோருடைய நினைவையும் அவரவர் சொன்னபடியே போடுகிறேன், ஒன்றையும் திருத்தமாட்டேன் என்றேன். அவருக்கு ரொம்ப சந்தோஷம்.

"நம்ம துரையோட பக்கம்?"

முடித்துவிட்டேன் என்று படித்துக் காட்டினேன். எலெக்ட்ரிகல் பெட்டி ஆஃபீசர் கு. துரைக்கண்ணு, 1981 முதல் 1990 வரை வீரகேதுவில் பணிபுரிந்தார். 1986இல் கொச்சி மருத்துவமனையில் இருந்த மரியதாசனை மூன்று முறை போய்ப் பார்த்தார்.

கமாண்டர் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அந்த வரியில் தமக்கு ஏதாவது ஆபத்து இருக்கிறதா என்று யோசித்திருப்பார். இல்லை என்று முடிவுசெய்திருக்க வேண்டும்.

"இவ்வளவுதானா? ஆக்‌ஷன் ஒண்ணுமே இல்லையேம்மா. வேற ஏதாவது சேர்க்கலாமே."

அவ்வளவுதான் என்றேன்.

போனை வைத்துவிட்டுக் கடைக்குப் போய்ப் பூ வாங்கிவந்து படத்துக்குப் போட்டேன். போடும்போது அழுகை வந்தது. கோபத்தில்தான்.